பொறியாளர்: ஒரு சொல்லின் கதை

மலாயாவில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்டது கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான். 1917ஆம் ஆண்டில் தென்னமரம் தோட்டத்தில் அம்முயற்சி தொடங்கியது. இன்று புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டப்புறங்களில் வாழும் மாணவர்களுக்குப் பழக்குலைகளை ஏற்றிச் செல்லும் லோரிகள் பழகிய காட்சியாகும்.

வெட்டிய குலைகளை ஆலையில் விரைவாக நீராவியில் வேக வைக்க வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் குறையும். அந்த நீராவியைத் தருவது கொதிகலன். அதன் அழுத்தம் அளவை மீறினால் கலன் வெடித்து உயிர்ச்சேதம் நேரலாம். ஆகவே, இயந்திரங்களின் இயல்பை நன்கறிந்த ஒருவர் ஆலைக்குத் தேவை. அவரைப் பேச்சு வழக்கில் ‘இன்ஜினியர்’ என்பர். மலாய்மொழியில் ‘ஜுருத்தெரா’ என்பர். தமிழில் ‘பொறியாளர்’ அல்லது ‘பொறியியலாளர்’ என்பர்.

‘பொறி’ என்பது பல பொருள் தரும் பழந்தமிழ்ச் சொல். தீப்பொறியில் அது நெருப்புத் துகள். ஐம்பொறியில் புலன் உறுப்பு. எலிப்பொறியில் பிடிக்கும் கருவி. இயந்திரம் என்ற பொருளும் அதற்கு உண்டு. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் விவரிக்கிறது. தானே வளைந்து அம்பெய்யும் வில்லும் கல்லெறியும் கவணும் அவற்றுள் அடங்கும். சீவக சிந்தாமணியில் அரசி விசயை வானில் பறக்கும் மயிற்பொறியில் ஏறித் தப்பிச் செல்கிறாள். இத்தகைய ‘பொறி’யுடன் ‘ஆளர்’ என்னும் விகுதி சேர்ந்து ‘பொறியாளர்’ ஆயிற்று.

‘இன்ஜினியர்’ என்ற சொல்லின் வேர் ‘இன்ஜெனியம்’ என்னும் இலத்தீன் சொல். அதன் பொருள் பிறவியிலேயே அமைந்த அறிவுத்திறன். இடைக்கால ஐரோப்பாவில் அது கூர்மதியால் உருவான போர்க்கருவிகளையும் குறித்தது. அவற்றைச் செய்தவரே முதலில் ‘இன்ஜினியர்’ எனப்பட்டார். பாலம், கால்வாய், சாலை ஆகியவற்றை அமைப்போர் 18ஆம் நூற்றாண்டில் தம்மைக் ‘குடிசார் பொறியாளர்’ என வேறுபடுத்திக் கொண்டனர். 1771இல் இலண்டனில் அவர்களுக்கென ஒரு சங்கமும் தோன்றியது.

இவ்விரு சொற்களும் பழங்காலப் போர்க்களத்தை நினைவூட்டுகின்றன. இன்றோ, பொறியாளரின் முதற்கடமை மக்களின் உயிரைக் காப்பதாகும். அவர் ஒப்பமிடும் வரைபடத்தை நம்பியே பாலம் எழுகிறது, கொதிகலன் இயங்குகிறது. அதனால்தான் மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டம் இத்தொழிலை நெறிப்படுத்துகிறது. உரிய கல்வியும் பயிற்சியும் பெற்றுப் பதிவு செய்தவரே தொழில்முறைப் பொறியாளராகச் செயல்பட முடியும். பொறியை ஆள்வதற்கு அறிவோடு பொறுப்பும் வேண்டும்.