உஷார்! கேதார்நாத் சிவாலய ஓட்டம் இல்லை

கேதார்நாத்துக்குக் கிளம்பும் குமரி மாவட்டத்துக்காரர்களே, டூர் நோட்டீஸை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘முதல் நாள் ஹரித்வார், இரண்டாம் நாள் குப்தகாசி, மூன்றாம் நாள் அதிகாலை கௌரிகுண்டிலிருந்து 16 கி.மீ. நடை, தரிசனம், அன்றிரவே இறக்கம்’ என்று போட்டிருக்கிறதா? அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இருக்கட்டும். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கே இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “ஓய், சிவாலய ஓட்டம் ஓடுனவனாக்கும் நான். பதினாறு கிலோமீட்டரு எனக்கொரு தூரமா?”

தூரம் இல்லைதான். மாசி மாதம் முஞ்சிறை திருமலையில் விசிறியோடு புறப்பட்டு, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று பன்னிரண்டு கோயிலையும் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிக்கிறவர்களுக்குச் சுமார் 110 கி.மீ. ஓடிப் பழக்கம். ஆனால் அந்த ஓட்டம் முழுக்கக் கடல்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நடக்கிறது. வழியெல்லாம் பானகமும் கஞ்சியும் தர ஆளிருக்கிறது. முடியவில்லை என்றால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

கேதார்நாத்தில் கால் தோற்பதற்கு முன்னால் மூச்சு தோற்கும். நம் மாவட்ட எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி சுமார் 1,650 மீட்டர். அகத்தியர் மலையே 1,868 மீட்டர்தான். கேதார்நாத் நடை தொடங்கும் கௌரிகுண்டோ சுமார் 1,980 மீட்டர். அதாவது, நாம் அண்ணாந்து பார்க்கும் மலைகளின் உச்சியைத் தாண்டிய பிறகுதான் அங்கே முதல் அடியே வைக்கிறோம். கோயில் இருப்பது 3,583 மீட்டரில். கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும்.

மலையேறுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 1892-ல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக இன்னொரு மணி நேரம். கேதார்நாத்துக்குப் போட்டுப் பாருங்கள். 16 கி.மீ.க்கு மூன்று மணிக்குச் சற்று மேல். 1,600 மீட்டர் ஏற்றத்துக்கு இரண்டே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஆறு மணி நேரம். அதுவும் நல்ல நடைக்காரருக்கு, ஓய்வில்லாமல், காற்று கெட்டியாக இருக்கும் தாழ்ந்த மலையில். ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த சிகரமே 1,345 மீட்டர்தானே! நமக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. அன்றைக்கே இறங்கவும் வேண்டுமென்றால் 32 கி.மீ. ஆயிற்று. கடைசிப் பாதி இருட்டில், மட்டக்குதிரைச் சாணியும் ஈரமும் கலந்த வழுக்குக் கல்லில்.

பழைய பாதை 14 கி.மீ. இருந்தது. 2013 ஜூன் வெள்ளம் ராம்பாராவையே துடைத்துக்கொண்டு போனபின், அங்கே மந்தாகினியைக் கடந்து எதிர்க்கரை வழியாக ஏறும் புதுப்பாதை வந்தது. ராம்பாராவிலிருந்து லிஞ்சோலி வரை நல்ல செங்குத்து. அதற்குள் ஏழு கி.மீ. நடந்து களைத்திருப்பீர்கள். ஜங்கிள்சட்டி, பீம்பலி வரை “என்ன பிள்ளே, இவ்வளவுதானா?” என்று முன்னால் ஓடியவர்கள் உட்கார்ந்துவிடுவது இந்த இடத்தில்தான்.

இதில் இளவட்டங்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பேன். உடற்பயிற்சி செய்த உடம்பை மலைநோய் விட்டுவைப்பதில்லை. காலில் பலம் இருப்பதால் வேகமாக ஏறிவிடுகிறார்கள், உடம்பு உயரத்துக்குப் பழக நேரமே கொடுப்பதில்லை. 2,500 மீட்டருக்கு மேல் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை தொடங்கலாம். நாமோ ‘பனி பட்டது’, ‘காபி குடிக்கல்ல’ என்று காரணம் சொல்லிக்கொண்டு மேலே நடப்போம். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் ஒரு அடிகூட மேலே வைக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ உடனே கீழே இறக்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கூட வந்தவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வழியில் சூடத்தை முகர்ந்துகொண்டே ஏறுகிறவர்களைப் பார்ப்பீர்கள். மூக்குக்குச் சுகமாக இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனை அது கூட்டாது. கையடக்க ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிடங்களுக்குத்தான்.

2022 யாத்திரைக் காலத்தில் சார்தாம் பாதைகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் மாரடைப்பால். பிரஷர், சுகர், இதயக் கோளாறு உள்ளவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். அசெட்டசோலமைடு மாத்திரையை அடுத்த வீட்டு அண்ணாச்சி சாப்பிட்டார் என்று நீங்களும் வாங்கி விழுங்காதீர்கள். சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம்.

சரி, எப்படித்தான் போவது? திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு உட்கார்ந்த உடம்பு ஹரித்வாரில் ஒரு ராத்திரி நீட்டிப் படுக்கட்டும். அடுத்த இரவு குப்தகாசி, சுமார் 1,300 மீட்டர். பிறகு சோன்பிரயாகில் இரண்டு இரவு. நடுவில் இருக்கும் பகலில் பக்கத்துத் திரியுகிநாராயணம் கோயிலுக்குப் போய் மெதுவாக நடந்து பழகுங்கள். மறுநாள் விடிகாலை கௌரிகுண்டிலிருந்து நடை. ஒரே மூச்சில் கோயிலைப் பிடிக்காமல் லிஞ்சோலிக் கூடாரத்தில் தங்கி, அடுத்த நாள் காலை தரிசனம் முடித்து இறங்கிவிடுங்கள். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். குதிரை வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

நடக்கவே இல்லை, ஹெலிகாப்டரில் போகிறேன் என்கிறவர்களும் கவனிக்க வேண்டும். சில நிமிடங்களில் மேலே இறக்கிவிடுவார்கள். மேகம் மூடித் திரும்ப முடியாமல் போனால் பழகாத உடம்போடு அங்கேயே ராத்தங்கல். முக்திநாத்தும் அப்படித்தான். 820 மீட்டர் பொக்ராவிலிருந்து 3,700 மீட்டருக்கு மேல் ஜீப்பிலேயே ஏறிவிடலாம். கயிலாயப் பரிக்கிரமா 52 கி.மீ., நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள தூரம்கூட இல்லை. ஆனால் அதில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் நம்மூரில் பாதி.

ஆகவே டூர்க்காரரிடம் சாப்பாடு தென்னிந்தியமா, ரூமில் வெந்நீர் உண்டா என்பதையெல்லாம் பிறகு கேட்கலாம். முதலில் இதைக் கேளுங்கள்: எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்குகிறோம்? பதில் சொல்லத் தெரியாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.