ஆங்கிலச் சொல்வளம் பெருக வழி

பள்ளியில் தமிழ்வழி பயின்று கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலருக்கு ஆங்கிலம் ஓர் அச்சமாகவே இருந்து வருகிறது. பாடத்தில் வல்லவராயிருந்தும் நேர்முகத் தேர்வில் வாய் திறவாமல் திரும்பி விடுகின்றனர். கருத்து இல்லாமல் அன்று. கருத்தைச் சொல்லும் சொல் இல்லாமல்தான். இக்குறையைப் போக்க எண்ணி, அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குவாரும் உளர். ‘பி’ எழுத்தைத் தொடுமுன் சலிப்பு வந்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா? வேறு வழி என்ன என்பதைக் காண்போம்.

வீட்டில் உள்ள முதல்

வடசென்னை உழைப்பாளர் வாழும் பகுதி. துறைமுகமும், இரயில்வே பணிமனைகளும், எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளும் நம்மைச் சூழ்ந்துள்ளன. பெரம்பூரில் ஒருகாலத்தில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரைக் கொண்டே 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. எனவே ‘லாக்-அவுட்’, ‘அரியர்ஸ்’, ‘கிராஜுவிட்டி’, ‘ரெட்ரெஞ்ச்மென்ட்’ ஆகிய சொற்கள் நம் வீடுகளில் புழங்கி வந்துள்ளன. ஆங்கிலப் பள்ளியில் படித்தவரும் தடுமாறக் கூடிய சொற்கள் இவை. படிக்காத பெரியவர்களும் இவற்றை அறிந்திருப்பதற்குக் காரணம் என்ன? அச்சொற்கள் அவர்களுடைய சோற்றைத் தொட்டவை. வாழ்க்கையைத் தொட்ட சொல்லை எவரும் மறப்பதில்லை. இதுவே நமக்குக் கிடைக்கும் முதற்பாடம்.

பகுதியைத் தேடுக

தமிழ் இலக்கணத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருக்கிறோம். சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துக் காணும் பழக்கம் நமக்கு உண்டு. அதனை ஆங்கிலத்திலும் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தின் கடினச் சொற்களுள் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் வழியே வந்தவை. பகுதி ஒன்று தெரிந்தால் ஒரு குடும்பமே அறிமுகமாகும்.

பணி முடிந்து செல்லும் தொழிலாளிக்குத் தரப்படும் ‘கிராஜுவிட்டி’க்கு இந்தியாவில் 1972-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. இதன் மூலம் ‘கிராட்டுஸ்’ என்னும் இலத்தீன் சொல். மகிழ்ச்சி தருவது, நன்றியுடையது என்பது பொருள். நன்றியுணர்வைக் குறிக்கும் ‘கிராட்டிட்யூட்’, நன்றியின்மையாகிய ‘இன்கிராட்டிட்யூட்’, இலவசம் எனப்படும் ‘கிராட்டிஸ்’, வாழ்த்துவதாகிய ‘கங்கிராஜுலேட்’ அனைத்தும் இதன் உறவுகளே.

‘மனுஸ்’ என்றால் கை. கையால் செய்வது ‘மேனுவல்’. கையால் எழுதியது ‘மேனுஸ்கிரிப்ட்’. விடுதலையைக் குறிக்கும் ‘இமேன்சிபேஷன்’ என்னும் சொல்லிலும் கை இருக்கிறது. பிறர் கைப்பிடியினின்று விடுவித்தல் என்பதே அதன் மூலப்பொருள்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. துறைமுகமாகிய ‘போர்ட்’, ‘போர்ட்டுஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘எக்ஸ்போர்ட்’, ‘இம்போர்ட்’ ஆகியவையோ சுமத்தலைக் குறிக்கும் ‘போர்ட்டாரே’ என்பதிலிருந்து வந்தவை. வாய்ப்பு எனப் பொருள்படும் ‘ஆப்பர்ச்சுனிட்டி’தான் துறைமுகத்தின் உறவு! கப்பலைத் துறை நோக்கிச் செலுத்தும் காற்றைக் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆகவே, ஒலியொற்றுமையை மட்டும் நம்பாமல் அகராதியைப் பார்த்தே உறுதி செய்தல் வேண்டும்.

எவற்றைக் கற்பது?

டாக்காவில் ஆசிரியப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலம் கற்போருக்கு இன்றியமையாத ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்து 1953-இல் வெளியிட்டார். அதற்கு மேற்பட்டு, கல்லூரிப் பாடநூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். நாளொன்றுக்கு இரண்டு குடும்பம் எனக் கொண்டால் 285 நாளில் முடித்துவிடலாம். சிறு துளி பெருவெள்ளம்.

பயிலும் முறை

குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்க. ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தில் புதிய சொல்லைக் கண்டால், முதலில் இடம் நோக்கிப் பொருளை ஊகித்து, பின்னர் அகராதியைப் புரட்டுக. பேராசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவாகிச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் நல்ல துணையாகும். சொல்லைத் தனியே எழுதாமல் அதன் கூட்டாளியோடு எழுதுக. ஆலையின் ‘லாக்-அவுட்’டை ‘டிக்ளேர்’ செய்வர். பின்னர் ‘லிஃப்ட்’ செய்வர். மறுநாளும், வாரம் கழித்தும், மாதம் கழித்தும் திரும்பப் பார்த்தால் சொல் மனத்தில் தங்கும். எழுத்திலோ பேச்சிலோ சொந்தமாகக் கையாண்ட பின்னரே அது நம்முடையதாகும். எளிய சொல் போதுமான இடத்தில் பெரிய சொல்லைத் திணிப்பது புலமையாகாது.

முடிவாக

நம் கல்லூரி தாங்கி நிற்கும் பெயருக்குரிய அண்ணல் அம்பேத்கர், இலாகூர் மாநாட்டிற்கென எழுதிய உரையை அமைப்பாளர் ஏற்க மறுத்தபோது, அதனைத் தாமே 1936-இல் நூலாக அச்சிட்டார். சாதியை ஒழித்தல் பற்றிய அந்நூலின் தலைப்பிலுள்ள ‘அன்னிஹிலேஷன்’ என்னும் சொல்லின் பகுதி ‘நிஹில்’; ஒன்றுமில்லை என்பது பொருள். சீர்திருத்தம் என்றோ குறைத்தல் என்றோ எழுதாமல், ஒன்றுமில்லாமல் செய்தல் என்னும் பொருளுடைய சொல்லையே அவர் தேர்ந்தார். சொல்வளம் என்பது இதுதான்: நினைத்ததைக் குறையாமல் சொல்லும் ஆற்றல். நண்பர்களே, அவ்வாற்றல் எவருக்கும் பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது. இன்றே இரண்டு சொற்களுடன் தொடங்குவோம்!