உப்புக் காற்றில் காரின் மேனி கெடாமல் இருக்க...

உப்பு ஜாடியைச் சரியாக மூடாமல் விட்டால் மறுநாள் கல்லுப்பு கசிந்து நிற்கும். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே உப்பு ஒரு காரின் மேல் மெல்லிசாகப் படிந்து, ராத்திரி முழுவதும் கசிந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? கார் வைத்திருக்கும் சகோதரிகள், முக்கியமாகக் கடலோரத்தில் வசிப்பவர்கள், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் மரக்காணத்து உப்பளங்கள். எங்கள் வீட்டுக்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடகைக் கார் ஓட்டுகிறார். வண்டி பாங்க் கடனில் வாங்கியது. தவணை முடியும்வரை அது உழைக்க வேண்டும். முடிந்தபிறகு நல்ல விலைக்கும் போக வேண்டும். அவர் சவாரி முடிந்து வந்து படுத்தால் எழுந்திருக்க முடியாது. ஆகவே வண்டியைக் கழுவித் துடைக்கும் பொறுப்பு என்னுடையது. "இன்னாக்கா, புள்ளைக்குக் குளிப்பாட்டுற மாதிரி காருக்குக் குளிப்பாட்டுற!" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேலி செய்வாள். செய்யட்டும்! என் நாத்தனார் வீட்டு வண்டி மேலுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. ஐந்தாம் வருஷம் விற்கப் போனபோது, கதவுக்கு அடியில் விரலால் அழுத்தினால் தகடு உதிர்ந்தது. வந்த விலை கடன் பாக்கிக்கே காணவில்லை.

உப்பு என்ன செய்கிறது?

காரின் இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதன்மேல் கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்' என்று பல அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். பூச்சு முழுசாக இருக்கும்வரை உப்பால் பெரிய கெடுதல் இல்லை. ஒரு சின்னக் கல் பட்டுப் பெயிண்ட் தெறித்துவிட்டால் போதும், ஆபத்து ஆரம்பம்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே தண்ணீரை இழுத்துக் கரையும். கல்லுப்பிலும் கடல் காற்றிலும் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே கசிந்துவிடும். அந்த உப்பு ஈரம் இரும்பில் பட்டால், வெறும் தண்ணீரைவிட வெகு வேகமாகத் துருவை வளர்க்கும்.

இது அலட்சியமாக விடுகிற விஷயமில்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைப் பல வருஷங்களாக ஆராய்ந்து வருகிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை உப்புக் காற்றிலிருந்து காப்பாற்ற ஓயாமல் வர்ணம் பூச வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கும் அரிப்பைத் தாங்கும் விசேஷப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தப் பாடு என்றால் காருக்குக் கேட்பானேன்?

கழுவும் முறை

வாரம் ஒருமுறையாவது, நிழலில், பானெட் சூடு ஆறியபின் கழுவுங்கள். முதலில் துணியே படாமல் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழாக ஊற்றி மணலைப் போக்க வேண்டும். மணலோடு துணி போட்டுத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்!

இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றதில் துணியை அலச நல்ல தண்ணீர். துணி பெயின்ட்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு தடவையும் அலசப்பட வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி.

எங்கள் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கழுவியபின் வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாய் வட்டம் விழும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்து, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மட்கார்டின் உள்பக்கம், கதவின் அடி ஓரம், வண்டியின் வயிறு, இவற்றுக்கும் தண்ணீர் அடிக்க வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

கறைகளும் கைவைத்தியமும்

பறவை எச்சம்: பக்கத்தில் கழுவேலி ஏரி இருக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகளைப் பார்க்கச் சந்தோஷம்தான், எச்சம் காரின் மேல் விழாதவரை! அதிலுள்ள யூரிக் அமிலம் வெயிலில் பெயின்ட்டை அரித்துத் தடம் பதித்துவிடும். அன்றே எடுங்கள். சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு, ஊறியபின் அப்படியே வழித்தெடுங்கள்.

தார்: தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவிச் சற்று நேரம் விட்டால் தார் இளகும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். மரப்பிசினுக்கும் இதைச் செய்து பார்க்கலாம். போகாவிட்டால் கடையில் விற்கும் தார் நீக்கி வாங்குங்கள்.

உப்புத் தண்ணீர் வட்டம்: ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றி, உடனே நன்றாக அலசிவிடுங்கள்.

மீன் தண்ணீர்: டிக்கியில் மீன் கூடை ஏற்றினால் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் விரிப்புக்கு அடியில் இறங்கும். ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டை அடியில் வையுங்கள். சிந்திவிட்டால் விரிப்பைத் தூக்கி, துடைத்து, காய்ந்தபிறகே போடுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் பவுடர், சாம்பல், புளி, டூத் பேஸ்ட் இவற்றைக் கார் பக்கமே கொண்டு போகாதீர்கள். பித்தளைக் குடத்துக்கு நல்லது காருக்கு ஆகாது.

காப்பு

கழுவித் துடைத்தபின் மெழுகு போட்டால் உப்பும் அழுக்கும் எளிதில் ஒட்டாது. நல்ல கார் மெழுகுகள் பலவற்றில் சேரும் கார்னோபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து வருவது! இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மெல்லிசாகத் தடவி மெருகேற்றினால் போதும். 'பாலிஷ்' வேறு, மெழுகு வேறு. பாலிஷ் கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்த்தெடுக்கும், அடிக்கடி கூடாது. செராமிக் பூச்சு அதிக நாள் நிற்கும், செலவும் அதிகம். ஆனால் அதைப் போட்டாலும் கழுவாமல் இருக்க முடியாது.

கல் பட்டுப் பெயிண்ட் தெறித்த இடத்தை நாள் தள்ளாதீர்கள். துருவை வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, பிரைமர் தொட்டு, அதே நிற டச்-அப் பெயிண்ட் வையுங்கள். பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால் துரு உள்ளே பரவிவிட்டது என்று அர்த்தம். டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது.

கார் உறை போடுவதிலும் கவனம் வேண்டும். உப்பும் மணலும் படிந்த ஈர வண்டிக்கு உறை போட்டால், ஈரத்தை நாமே உள்ளே பூட்டி வைத்தது போலாகும். கழுவி, காய்ந்தபிறகே போடுங்கள்.

புயலுக்குப் பிறகு இன்னும் ஜாக்கிரதை தேவை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அப்படிக் கடல் காற்று வாரி இறைத்த பிறகு, முதல் வேலையாக நல்ல தண்ணீரால் மேலும் அடியும் அலசுங்கள். வண்டிக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பாக, ஒரு டார்ச் லைட்டும் பழைய பாயும் எடுத்துக்கொண்டு வண்டியின் அடியை ஒருமுறை படுத்துப் பாருங்கள். அவரையும் கூடக் கூப்பிடுங்கள். மேலே பளபளப்பு இருந்தால் வாடிக்கைக்காரருக்குப் பிடிக்கும். அடியில் துரு இல்லாமல் இருந்தால்தான் வீட்டுக்கு நிம்மதி!