ஒற்றை சிலிண்டரும் இருபது வளைவுகளும்

ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையில் காப்பித் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்புகிறேன். என்ஜின் ஓய்ந்த பிறகும் வண்டி பேசிக்கொண்டே இருக்கிறது. டிக்... டிக்... டிக். சைலன்சர் குழாய் ஆறுகிற சத்தம் அது. சூடான புகை பாயும் உள்குழாய் ஒரு வேகத்தில் சுருங்குகிறது. மேலே போர்த்திய தகடு வேறொரு வேகத்தில் சுருங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று பற்றி, நழுவி, மறுபடி பற்றி நழுவும்போது எழும் ஒலி. சேலம் பேருந்து நிலையத்துப் பக்கம் இது யார் காதிலும் விழாது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, விடிகாலை மூடுபனியில், எண்ணியே சொல்லிவிடலாம்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. 2021-இல் இதற்கு வந்த புது என்ஜின். ஆனால் பார்க்கிறவர்கள், "அப்பா வண்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். கண்ணீர்த்துளி வடிவ டேங்க், முகப்பு விளக்குக்கு மேல் குல்லாய் போட்டதுபோல் ஒரு மூடி, அதன் இருபுறமும் இரண்டு குட்டி விளக்குகள். கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது.

இந்த உருவத்துக்கும் நம் ஊருக்கும் உறவு 1949-இல் தொடங்கியது. அந்த ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்திலிருந்து ராயல் என்ஃபீல்டு புல்லட்டை இங்கே கொண்டுவந்து விற்க ஆரம்பித்தது. ராணுவம் மொத்தமாக வாங்க முன்வந்ததும், 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டி பூட்டத் தொடங்கினார்கள். 1970-இல் இங்கிலாந்தில் தாய்வீட்டுக் கதவு மூடப்பட்டது. கட்டிக்கொடுத்த இடத்தில் பெண் வாழ்ந்துகொண்டிருந்தாள். இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்த வண்டிகள் அந்த இங்கிலாந்துக்கே போகின்றன.

பழைய புல்லட்டை எழுப்புவது ஒரு சடங்கு. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரே மிதி. நேரம் தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் வண்டியில் கிக்கரே கிடையாது. பொத்தானை அழுத்தினால் போதும். கியரும் எல்லா வண்டிகளையும்போல இடது காலுக்கு வந்துவிட்டது. அப்படியானால் இதில் 'கிளாசிக்' எங்கே இருக்கிறது? பெயின்டிலும் குரோமிலும் மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு அடிவாரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை பதில் சொல்ல ஆரம்பிக்கிறது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன என்ஜின் வண்டிகள் ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை முறுக்கி, அலறிக்கொண்டு ஏறும். இது இரண்டாவது கியரில், முணுமுணுப்பாகவே ஏறிவிடுகிறது. மெக்கானிக் கடைகளில் காரணம் கேட்டால் ஒரே பதில்: "லாங் ஸ்ட்ரோக்குங்க, அதான் இழுவை." பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் அதிகம், அதனால் இழுவிசை அதிகம் என்பது நம்பிக்கை.

நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். கணக்குப் போட்டால் இது பாதிதான் உண்மை. இந்த என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் 85.8. கொள்ளளவு 349 சிசி. இழுவையைத் தரும் திருகு விசை என்பது பிஸ்டன் மேல் விழும் அழுத்தம், பிஸ்டனின் பரப்பு, கிராங்க் கையின் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கல். பயணத்தை நீட்டினால் கை நீள்கிறது, சரி. ஆனால் அதே கொள்ளளவுக்குள் நிற்க வேண்டுமென்றால் பிஸ்டன் குறுக வேண்டும். ஒன்று கூட, மற்றொன்று குறைகிறது. உயரமான செம்பில் ஊற்றினாலும் அகலமான கிண்ணத்தில் ஊற்றினாலும் ஒரு படி தண்ணீர் ஒரு படிதான். கேடிஎம் 390 டியூக்கின் பழைய 373 சிசி என்ஜினில் பிஸ்டன் பயணம் வெறும் 60 மில்லிமீட்டர். அதன் உச்ச திருகு விசை 37 நியூட்டன் மீட்டர்; நம் வண்டிக்கு 27.

வித்தியாசம் அது எப்போது கிடைக்கிறது என்பதில்தான். டியூக்குக்கு நிமிடத்துக்கு 7,000 சுற்று வேண்டும். கிளாசிக்குக்கு 4,000 போதும். நீளப் பயணம் இங்கே மறைமுகமாக உதவுகிறது. ஒரே சுற்றில் அதிக தூரம் ஓட வேண்டிய பிஸ்டனை மிக வேகமாக விரட்ட முடியாது. குறுகிய சிலிண்டர் தலையில் பெரிய வால்வுகளுக்கும் இடமில்லை. ஆகவே பொறியாளர்கள் வால்வு திறக்கும் நேரத்தையும் காற்றுப் பாதையையும் குறைந்த சுற்றுக்கே ஏற்றபடி அமைத்துவிடுகிறார்கள். வேகமாக ஓட முடியாதவனை நிதானமாகச் சுமக்கப் பழக்கிய கதை. வளைவில் வேகம் மனிதன் ஓடும் அளவுக்கு இறங்கும்போது, அந்த நிதானம்தான் கைகொடுக்கிறது.

அந்த வளைவில் வேகம் ஏன் அவ்வளவு இறங்க வேண்டும் என்பதையும் பார்த்துவிடலாம். பத்து மீட்டர் ஆரமுள்ள திருப்பம் என்று வையுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால் வண்டி 17 பாகை சாய்ந்தால் போதும். 30 கிலோமீட்டரில் 35 பாகை சாய வேண்டும். வேகம் பாதிதான் கூடியது, சரிவு இரட்டிப்பாகிவிட்டது. வேகத்தின் வர்க்கம் செய்கிற வேலை இது. 195 கிலோ வண்டியை, ஈரத்தில் சருகு கிடக்கும் சாலையில், 35 பாகை சாய்க்கும் ஆசை எனக்கு இல்லை.

இனி இந்த வண்டியின் டுக்-டுக் சத்தத்துக்கு வருவோம். ஆளை வாங்க வைப்பதே அதுதான். நான்கு வீச்சு ஒற்றை சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்றால் ஐநூறு வெடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. நம் காது நொடிக்கு இருபது வரையிலான தட்டல்களைத் தனித்தனியாகக் கேட்கும். அதைத் தாண்டினால் அவை ஒட்டிக்கொண்டு ஒரே ஸ்வரமாகிவிடும். மிருதங்கத்தில் வேகம் கூடிக்கொண்டே போகும்போது சொற்கள் கரைந்து ஒரு ரீங்காரம் மட்டும் மிஞ்சுவதுபோல. நான்கு சிலிண்டர் கார் சும்மா நிற்கும்போதே நொடிக்கு இருபது வெடிப்பைத் தாண்டிவிடுகிறது. அதில் தாளம் இல்லை, சுருதி மட்டுமே. என் வண்டி 2,400 சுற்றுக்குக் கீழே இருக்கும்வரை தாளம். மலைச்சாலை வண்டியை அந்த எல்லையைச் சுற்றியே வைத்திருக்கிறது. டுக்-டுக் என்று ஏறி, நேர்ச்சாலை வந்ததும் உறுமலாகி, அடுத்த வளைவில் மறுபடி டுக்-டுக் ஆகிறது. சமவெளி நெடுஞ்சாலையில் இந்த வண்டி வெறும் வண்டி. இந்தச் சத்தம் போதாதென்று சைலன்சரை மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மலையையே அதிரவைப்பவர்களை என்ன சொல்ல? தாளத்தை அவர்கள் கூட்டவில்லை, இரைச்சலைத்தான் கூட்டுகிறார்கள்.

பழைய ஆட்கள் புது என்ஜினை ஓட்டிப் பார்த்து, "சப்புனு இருக்கு" என்பார்கள். அவர்கள் தேடுவது சத்தத்தை அல்ல, நடுக்கத்தை. மேலும் கீழும் ஓடித் திரும்பும் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் வண்டியை உலுக்கும். அதைச் சமன்செய்ய கிராங்கில் எதிர் எடை வைத்தால், மேல்-கீழ் ஆட்டம் குறையும். ஆனால் அந்த எடை முன்னும் பின்னும் வண்டியைத் தள்ளும். புது என்ஜினில், எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் இன்னொரு தண்டு இருக்கிறது. முன்-பின் தள்ளல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மேல்-கீழ் ஆட்டமும் அடங்குகிறது. மிச்சம், இருமடங்கு வேகத்தில் வரும் சின்ன அதிர்வு மட்டும். வெடிப்பின் இடைவெளி மாறவில்லை, ஆகவே தாளம் அப்படியே இருக்கிறது. விரல் மரத்துப்போவதும் கண்ணாடியில் பின்னால் வருபவர் இரண்டாகத் தெரிவதும் போய்விட்டன. எனக்கு இது நல்ல பேரமாகத்தான் படுகிறது.

ஏற்காடு நெருங்க, வண்டி கொஞ்சம் சோம்பல்படும். ஏரிக்கரை ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சேலத்தைவிடப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. குளிர் காற்று அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. கூட்டிக்கழித்தால் ஒவ்வொரு மூச்சிலும் என்ஜினுக்குப் பத்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் நஷ்டம். 20 குதிரைத்திறனில் இரண்டு குதிரைகள் வழியிலேயே நின்றுவிட்ட கணக்கு. கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காமல் ஊற்றிக்கொண்டே போகும், பிளக் கறுத்துவிடும். இப்போதைய வண்டி காற்றழுத்தத்தை அளந்து, பெட்ரோலைக் குறைத்துத் தெளிக்கிறது. இதே அழுத்தக் குறைவால் மஞ்சக்குட்டை டீக்கடையில் தண்ணீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. காப்பித்தூளுக்கு 95 பாகை நல்ல சூடு. பருப்பு வேகவைப்பவர்கள்தான் பாவம்.

ஏறுவதைவிட இறங்குவது பெரிய வேலை. நானும் வண்டியும் சேர்ந்து 270 கிலோ. ஆயிரம் மீட்டர் தூக்கி வைத்த ஆற்றல் சுமார் 2.6 மெகாஜூல். பெட்ரோலில் அது அரை டம்ளருக்குள் அடங்கும். என்ஜின் வீணடிப்பது போக, ஏறுவதற்குக் குடித்தது அதைப்போல நான்கு மடங்கு. இறங்கும்போது அந்த 2.6 மெகாஜூல் எங்கேயாவது வெப்பமாகப் போயாக வேண்டும். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டு, லீவர் பஞ்சாக அமுங்கும்.

"ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி, நியூட்ரல்ல மட்டும் விட்றாதீங்க" என்று முதல் முறை வந்தபோது அடிவாரத்தில் ஒரு பெரியவர் சொன்னார். ஏனென்று அவர் சொல்லவில்லை. ஆக்சிலேட்டரை மூடிவிட்டால் காற்றுவழி அடைபடுகிறது. கீழே இறங்கும் பிஸ்டன், நுனியைப் பொத்திய உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கப் பார்ப்பதுபோல் திணறுகிறது. அந்தத் திணறலும் உள்ளே உள்ள உராய்வும் சேர்ந்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. பெட்ரோல் தெளிப்பும் அப்போது நின்றுவிடுகிறது. என்ஜின் இறக்கத்தின் ஆற்றலிலேயே சுழல்கிறது. நியூட்ரல் போட்டால் இந்த உதவி முழுதும் போய்விடும்.

இருபதாவது வளைவிலிருந்து எண்கள் குறைந்துகொண்டே வர, இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கினேன். காது இரண்டு முறை அடைத்துத் திறந்தது. அடிவாரத்தில் நிறுத்தி, புட்டியிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை முன் டிஸ்க்கில் விட்டுப் பார்த்தேன். சுர்ரென்று சீறவில்லை, மெதுவாக வழிந்து, ஓரத்தில் கொஞ்ச நேரம் தொங்கி, உலர்ந்தது. சைலன்சர் மறுபடி டிக்... டிக் என்று ஆரம்பித்திருந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்ததில் அது கேட்காமல் போயிற்று.