தேர்வு நேர்மையும் தமிழியல் மாணவரும்: மொழிபெயர்ப்புக் களவை முன்வைத்து

முன்னுரை

தேர்வு நேர்மை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தேர்வு மண்டபமே. கண்காணிப்பாளர், எண்ணிட்ட இருக்கைகள், வாயிலில் வைக்கப்படும் கைப்பைகள், அணைக்கப்படும் கைப்பேசிகள் ஆகியவற்றோடு அச்சொல் இயைந்துவிட்டது. ஆயின் இன்றைய பல்கலைக்கழக மதிப்பீட்டில் தேர்வு மண்டபத்திற்கு வெளியே எழுதப்படும் இடுபணிகளும் ஆய்வேடுகளும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே மண்டபத்திற்குள் காக்கப்படும் நேர்மை வெளியேயும் காக்கப்படுகிறதா என்பதைத் தமிழியல் துறையினராகிய நாம் ஆராய வேண்டியுள்ளது.

விதிகள் கூறுவன

மலாயாப் பல்கலைக்கழகத்தின் 1999ஆம் ஆண்டு மாணவர் ஒழுங்குமுறை விதிகளை இங்கு எடுத்துக்கொள்வோம். இசைவளிக்கப்படாத நூலையோ தாளையோ தேர்வறைக்குள் கொண்டுசெல்லுதல், பிற மாணவரோடு தொடர்புகொள்ளுதல், ஏமாற்றுதல், ஏமாற்ற முயலுதல் ஆகியவற்றை அவை தடைசெய்கின்றன. முயற்சியே குற்றமாகக் கொள்ளப்படுவது கருதத்தக்கது. ஒருவர் பெற்ற பயனை அளவிடுவதன்று விதியின் நோக்கம். அனைவருக்கும் ஒரே நிலையைக் காப்பதே அதன் நோக்கமாகும்.

அந்நிலை குலைந்தால் துன்புறுவோர் பெரும்பாலும் குற்றமற்றவரே. 2014ஆம் ஆண்டு மலேசியாவின் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் அறிவியல், ஆங்கிலத் தாள்களோடு கணிதம், தமிழ்மொழித் தாள்களும் கசிந்தமையால், அவற்றை மாணவர் மீண்டும் எழுத நேர்ந்தது. அத்தேர்வு 2021இல் முற்றிலும் நீக்கப்பட்டது. எனினும் வினாத்தாளை முன்னரே காணாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் மறுபடி தேர்வறைக்குள் சென்ற நிகழ்வு, களவின் சுமையை யார் சுமக்கின்றனர் என்பதற்குத் தக்க சான்றாக நிற்கிறது.

மேற்குறித்த 1999ஆம் ஆண்டு விதிகள் கருத்துத் திருட்டையும் தனியே வரையறுக்கின்றன. பிறர் எழுத்தைத் தம் பெயரில் வெளியிடுதல், பிறர் திரட்டிய தரவுகளை மூலம் சுட்டாது பயன்படுத்துதல் ஆகியவற்றோடு, பிறர் எழுத்தை மொழிபெயர்த்து அதனைத் தம் படைப்பாகக் காட்டுதலும் அவ்வரையறையுள் அடங்கும். தமிழியல் மாணவர் பலரும் கவனியாது கடந்துவிடும் பகுதி இதுவேயாகும்.

மொழிபெயர்ப்பு மறைக்கும் களவு

நம் மாணவர் மூன்று மொழிகளுக்கிடையே கல்வி பயில்பவர். மொழியியலோ சமூகவியலோ சார்ந்த இடுபணிக்கு அவர்கள் ஆங்கில, மலாய் நூல்களை நாடுவது இயல்பு, வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால் ஆங்கில நூலின் ஓர் இயலைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கி, மூலத்தைச் சுட்டாது அளிப்பவர், “சொற்கள் யாவும் என்னுடையவையே” என எண்ணி அமைதி கொள்கின்றனர். ஒப்புமை காணும் மென்பொருள்களுக்கும் மொழி மாறிய பத்தியை இனங்காண்பது எளிதன்று. அச்சில் மட்டுமே கிடைக்கும் தமிழ் நூல்களிலிருந்து எடுக்கப்படும் பகுதிகளும் அவற்றின் வலையில் சிக்குவதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி அறிமுகமான பின்னர், மொழிபெயர்க்கும் உழைப்பும் தேவையற்றதாகிவிட்டது.

ஆகவே, கருவியை மட்டும் நம்பி நேர்மையைக் காக்க இயலாது. இது ஏன் தவறு என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். அதற்கான விளக்கம் நம் இலக்கண மரபிலேயே உள்ளது.

மரபு காட்டும் நெறி

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாகக் கூறும். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலைத் தொல்காப்பியர் நால்வகைப்படுத்துகிறார். அதாவது மொழிபெயர்ப்பு இழிவானதன்று. மதிப்புடைய நூல்வகைகளுள் ஒன்று. ஆனால் அது வழிநூலே, முதல்நூல் ஆகாது. வழிநூலை முதல்நூலெனக் காட்டுவதே களவாகின்றது.

சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் வரிசைப்படுத்துகையில், ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’யை வைக்கிறது. இன்னார் இயற்றினார் என்பதற்கு அடுத்தே, எதன் வழியாக இந்நூல் வந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். இன்று நாம் அடிக்குறிப்பாகவும் துணைநூற் பட்டியலாகவும் அளிப்பது இந்த ‘வழி’யையே. தொல்காப்பியத்தில் பயின்றுவரும் ‘என்ப’, ‘என்மனார்’ என்னும் சொற்களும் கருத்தை முன்னோர்க்கு உரிமையாக்கும் பண்பினவே. சேனாவரையர் இளம்பூரணரை மறுக்குமிடத்தும் ‘உரையாசிரியர்’ எனக் குறித்தே மறுக்கிறார். மூலம் சுட்டுதல் மேனாட்டு ஆய்வுமுறை நம்மீது சுமத்திய சடங்கு எனக் கருதும் மாணவர்க்கு இவற்றை எடுத்துரைத்தல் நம் கடமையாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

முதலாவதாக, பிறமொழி நூலைப் பயன்படுத்தும் மாணவர் மூலப்பகுதியையும் பக்க எண்ணோடு இணைத்தளிக்கச் செய்யலாம். அப்போது மொழிபெயர்ப்பு மறைக்க வேண்டிய செயலாக இராது. மதிப்பெண் பெறும் திறனாகிவிடும். இரண்டாவதாக, இடுபணியைப் பற்றிப் பத்து நிமிடம் வாய்மொழியாக வினவலாம். தாம் ஆளும் கலைச்சொல்லை விளக்க இயலாதவர் அதனைத் தாமே எழுதியிருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது, மனனம் பற்றியது. ஆசிரியர் எழுதித் தந்த மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து தேர்வறையில் அப்படியே எழுதுபவர் தேர்வறை விதி எதனையும் மீறுவதில்லை. ஆயினும் அவ்விடைத்தாள் அவருடைய திறனைக் காட்டுவதில்லை. இதில் பிழை வினாத்தாளிடமும் உண்டு. முன்னர்க் காணாத செய்யுளையோ உரைப்பகுதியையோ தந்து கருத்துக் கேட்கும் வினா, மனனத்திற்கு இடந்தராது.

நான்காவதாக, நாம் வகுப்பில் வழங்கும் குறிப்புகளிலும் ‘வழி’ இடம்பெற வேண்டும். மூலம் சுட்டாத குறிப்பை நான்காண்டுகள் பயின்ற மாணவரிடம் இறுதியாண்டு ஆய்வேட்டில் மட்டும் அடிக்குறிப்பை எதிர்பார்ப்பது முறையாகாது.

முடிவுரை

தமிழியல் துறையில் பயில்வோருள் பலர் நாளை தமிழாசிரியராகப் பள்ளிக்குச் செல்பவர். அவர்கள் கொண்டுசெல்லும் பழக்கமே அடுத்த தலைமுறை மாணவரின் பழக்கமாகும். தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் இருக்கிறார். இடுபணி எழுதும் அறையில் எவரும் இலர். அங்கும் பிறர் உழைப்பைப் பிறரதெனக் குறிக்கும் மனப்பாங்கை வளர்ப்பதே விதிகளின் முடிந்த பயன். தண்டனைக்கு அஞ்சி மூலத்தைச் சுட்டுபவரைக் காட்டிலும், தம் கருத்து எங்குத் தொடங்குகிறது என்பதைத் தெளிவாக அறிந்து சுட்டுபவரே ஆய்வாளராக உயர்வார். அத்தகையோரை உருவாக்குதல் நம் கையில் உள்ளது.