அனுபவத்தைக் கற்றுக்கொண்ட இயந்திரம்

"உள்ளே நுழையவே முடியவில்லை. இன்றைக்கு ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும்!" அமெரிக்காவில் சிறு தொழில் நடத்தும் ஒருவர் சாட்டில் இப்படிக் கொதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்ல வேண்டிய ஊழியர் பிலிப்பைன்ஸில் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மன்னிப்புக் கேட்டுத் தொடங்குவதா, கடவுச்சொல்லைப் பற்றி விசாரிப்பதா, பேசாமல் மேலாளரிடம் தள்ளிவிடுவதா? பக்கத்து இருக்கையில் இருக்கும் மூத்த ஊழியருக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. இரண்டே கேள்வியில் கோளாறைப் பிடித்துவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "பார்த்ததுமே தெரிந்துவிட்டது" என்பார். அதற்குமேல் விளக்க அவராலும் முடியாது.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் பட்டறை மெக்கானிக்கிடம் இருப்பதும் இதே அறிவுதான். கையில் இருக்கும், வாயில் வராது. வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி, 1966இல் வெளியான 'தி டாசிட் டைமன்ஷன்' நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதியைத்தான் சொல்லால் வெளியே எடுக்க முடியும் என்பது அவர் வாதம். ஆயிரம் முகங்களுக்கு நடுவே தெரிந்த முகத்தைச் சட்டென்று அடையாளம் காண்கிறோம்; எதை வைத்துக் கண்டோம் என்று கேட்டால் திணறுகிறோம்.

கணினிக்குப் பல பத்தாண்டுகள் இதுவே மதில்சுவராக நின்றது. கணினிக்கு வேலை சொல்ல வேண்டுமென்றால் அந்த வேலையை விதிகளாக உடைத்துத் தர வேண்டும். வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, சம்பளப் பட்டியல் ஆகியவற்றுக்கு விதி எழுதலாம். கோபத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்தி, அவர் வாயிலிருந்தே பிரச்சினையைத் தெரிந்துகொள்வதற்கு யார் விதி எழுதுவது? போலானியின் சிந்தனையை வேலைவாய்ப்போடு பொருத்திப் பார்த்த எம்.ஐ.டி. பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டர், விதியாக எழுத முடியாத வேலைகள்தான் மனிதர் கையில் தங்கியிருக்கின்றன என்று 2014இல் எடுத்துக்காட்டினார்.

ஜெனரேட்டிவ் ஏஐ இந்தச் சுவரைச் சுற்றி வேறு வழியில் வந்தது. அதற்கு யாரும் விதி சொல்லித் தருவதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, ஒவ்வொரு இடத்திலும் அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் தப்பினால் உள்ளே இருக்கும் எண்கள் இம்மியளவு திருத்தப்படும். இதைச் சளைக்காமல் செய்துகொண்டே போனால், எந்தப் பேச்சுக்குப் பின் எந்தப் பேச்சு பொருந்தும் என்பது அந்த எண்களின் அமைப்பிலேயே படிந்துவிடுகிறது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற வடிவமைப்பு, ஒரு சொல்லைப் பார்க்கும்போதே அதோடு தொடர்புள்ள தொலைவான சொற்களையும் சேர்த்து எடைபோட வழி செய்தது. இன்றைய சாட்ஜிபிடி வரை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இப்போது அந்தச் சாட் அறைக்குத் திரும்புவோம். 2020-21ஆம் ஆண்டுகளில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் சாட்ஜிபிடிக்கு அடிப்படையான ஜிபிடி வகை மாதிரியைக் கொண்டு செய்த ஒரு கருவியைப் படிப்படியாகப் புகுத்தியது. பழைய உரையாடல்களைக் கொடுத்துக் கருவியைப் பழக்கினார்கள். பிரச்சினை தீர்ந்ததா, எவ்வளவு நேரம் பிடித்தது, பேசியவர் தலைசிறந்த ஊழியர்களில் ஒருவரா என்ற குறிப்புகளும் கூடவே போயின. பயிற்சி முடிந்த கருவி, ஊழியரின் திரையில் மட்டும் தெரியும்படி ஒரு பதிலை முன்மொழியும். ஊழியர் அதை அப்படியே அனுப்பலாம், திருத்தலாம், ஒதுக்கலாம்.

இதன் விளைவை எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அலசி 2023இல் வெளியிட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், சுமார் 30 லட்சம் உரையாடல்கள். ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியிருந்தது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் கூடியது. கைதேர்ந்தவர்களுக்கோ கிட்டத்தட்ட ஒன்றும் கூடவில்லை. கருவியோடு இரண்டு மாதம் வேலை செய்தவர், கருவி இல்லாமல் ஆறு மாதத்துக்குமேல் வேலை செய்தவருக்குச் சமமாக நின்றார். வாடிக்கையாளரின் பேச்சில் சூடு தணிந்தது. மேலாளரைக் கூப்பிடு என்ற கோரிக்கைகள் குறைந்தன.

திறன் குறைந்தவர்கள் எழுதிய பதில்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, அவை சிறந்த ஊழியர்களின் பதில்களை நோக்கி நெருங்கிவந்தது தெரிந்தது. "பார்த்ததுமே தெரிந்துவிட்டது" என்பதற்குமேல் விளக்க முடியாத மூத்தவரின் அறிவு, அவர் வாய் திறந்து சொல்லித்தராமலே, பக்கத்து இருக்கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தொழில் அறிவு என்பது ஆளிடமிருந்து ஆளுக்கு, கூடவே இருந்து பார்த்துப் பழகியே கைமாறிவந்த ஒன்று. மனித வரலாற்றில் இது வேறு வழியில், இத்தனை வேகத்தில் கைமாறியது இதுவரை நாம் காணாத அதிசயம்.

இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. அந்தக் கருவி சில நேரங்களில் எதிர்பாராமல் செயலிழந்தது. முன்மொழிவு ஏதும் வராத அந்த வேளைகளிலும், அதோடு பழகியிருந்த ஊழியர்கள் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தார்கள். அவர்கள் வெறுமனே நகலெடுத்துக்கொண்டிருக்கவில்லை, கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஏஐ எல்லா வேலைக்கும் கை கொடுக்கும் என்று நம்பி இறங்கினால் கால் இடறும். 2023இல் ஹார்வர்ட் ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களிடம் சோதனை நடத்தினார்கள். புதிய காலணி ஒன்றுக்கு யோசனை சொல்வது போன்ற வேலைகளில் ஜிபிடி-4 வைத்திருந்தவர்கள் 25 சதவீதம் வேகமாகவும், தரத்தில் 40 சதவீதத்துக்குமேல் சிறப்பாகவும் செய்தார்கள். அடுத்து, கணக்கு அட்டவணையையும் நேர்காணல் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விடை பிடிபடும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அதில் ஏஐ இல்லாதவர்களில் சுமார் 84 சதவீதம் பேர் சரியான விடைக்கு வந்தார்கள். ஏஐ வைத்திருந்தவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேர்தான் வந்தார்கள். தவறான விடையையும் அது சரளமாக எழுதித் தந்துவிடுகிறது. படித்தவர்கள், தேர்ந்தவர்கள், அதன் நடையில் மயங்கிவிட்டார்கள்.

நம் கணிப்பையும் அது ஏமாற்றும். METR என்ற ஆய்வமைப்பு 2025இல், தாங்கள் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் மென்பொருள்களில் வேலை செய்யும் 16 அனுபவசாலி நிரலாளர்களிடம் 246 பணிகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐயைப் பயன்படுத்தியபோது 20 சதவீதம் வேகமாக முடித்ததாக அவர்கள் நினைத்தார்கள். கடிகாரமோ 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனதாகக் காட்டியது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் தெளிகிறது. பலர் பலமுறை செய்து, எழுத்தில் தடம் விட்டுப்போன வேலையில் இந்த இயந்திரம் வல்லது. தடம் இல்லாத இடத்திலும், விவரங்களை உரசிப் பார்க்க வேண்டிய இடத்திலும் அது தடுமாறும். எந்த இடம் எது என்று கண்டுபிடிக்க அனுபவசாலியின் கண் வேண்டும். அப்படியானால் தொழில் நடத்துபவர்கள் எதைவிடவும் கருத்தாகக் காக்க வேண்டியது அனுபவம் உருவாகும் வழியைத்தான்.

அங்கேதான் எனக்குக் கவலை எழுகிறது. 2025 ஆகஸ்டில் பிரின்யோல்ஃப்சனும் ஸ்டான்ஃபோர்ட் சகாக்களும் அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவுகளை வைத்து மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். மென்பொருள், வாடிக்கையாளர் சேவை போன்ற, ஏஐயின் தாக்கம் மிகுந்த வேலைகளில், 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு 2022 இறுதிக்குப் பின் மற்றவர்களோடு ஒப்பிடுகையில் 13 சதவீதம் சரிந்திருக்கிறது. அதே வேலைகளில் மூத்தவர்களின் இடம் அவ்வளவாகக் குறையவில்லை. ஏஐ யாருக்கு அதிகம் உதவும் என்று முதல் ஆய்வு காட்டியதோ, அந்தப் புதியவர்களுக்கே கதவு ஒருக்களிக்கிறது. ஏஐ மட்டும்தான் காரணமா என்பது பொருளாதார அறிஞர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் நிர்வாகத்தின் கணக்கு எப்படி ஓடக்கூடும் என்று புரிந்துகொள்வது கடினமில்லை: மூத்தவர் ஒருவரும் ஏஐயும் இருந்தால் போதும், கற்றுக்குட்டிகள் எதற்கு?

இந்தக் கணக்கு தவறானது. எந்த மெக்கானிக்கும் மெக்கானிக்காகவே பட்டறைக்குள் நுழைந்தவர் அல்லர். ஸ்பானர் எடுத்துக்கொடுத்துக் கற்றவர்தான். இன்றைய மூத்தவர்கள் ஓய்வு பெறும் நாளில், சரளமாக எழுதப்பட்ட தவறைப் பார்த்து "இது சரியில்லையே" என்று சொல்ல யார் இருப்பார்கள்? புதிதாக வரும் பிரச்சினைகளைத் தீர்த்து, அடுத்த கருவியைப் பழக்குவதற்கான உரையாடல்களைப் படைக்க யார் இருப்பார்கள்? ஊற்றை அடைத்துவிட்டுக் குடத்தை நம்பியிருக்க முடியாது.

மூத்தவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் பாக்கி இருக்கிறது. கருவிக்குள் போனது அவர்களின் திறமை. ஆனால் அதிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த பலன் சொற்பம் என்பதையும், இத்தகைய பங்களிப்புக்குத் தனி ஊதியம் கிடையாது என்பதையும் அந்த முதல் ஆய்வே சுட்டிக்காட்டுகிறது.

சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பிபிஓக்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் லட்சக்கணக்கானோரின் வாழ்க்கை இந்தக் கேள்விகளோடு பின்னியிருக்கிறது. கருவி என்ன செய்யும் என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. அதை வைத்து என்ன செய்வது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. ஒரே கருவியை, புதியவரை இரண்டு மாதத்தில் தேர்ச்சி பெறவைக்கவும் பயன்படுத்தலாம், புதியவரே தேவையில்லை என்று சொல்லவும் பயன்படுத்தலாம். புதியவர்களை வேலைக்கு எடுங்கள், ஏஐயை அவர்களுக்கு ஆசானாகக் கொடுங்கள், அதன் பதிலைச் சந்தேகிக்கவும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள், யாருடைய அனுபவத்தால் அது பேசுகிறதோ அவர்களுக்கு உரிய பங்கைக் கொடுங்கள். இது தர்மத்துக்காகச் செய்யும் காரியமாகத் தோன்றலாம். பத்து ஆண்டுகளுக்கு அப்பாலும் தொழில் நடத்த விரும்பும் எந்த நிறுவனத்துக்கும் இதுதான் லாபக் கணக்கும்கூட.