இரட்டை வாழைப்பழமும் இரட்டைப் பிள்ளையும்

ஓமலூர்க் கடைவீதியில் ஒரு சின்னச் சச்சரவு. பழக்கடையில் ரஸ்தாளிச் சீப்பிலிருந்து ஒட்டுப்பழம் ஒன்றைப் பிய்த்து உரிக்கப் போனாள் ஒரு புதுப்பெண். பக்கத்தில் நின்ற பாட்டியம்மாள் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேண்டாங் கண்ணு! ரெட்டைப் பழம் தின்னா ரெட்டைப் புள்ளை பொறக்கும்."

"பொறந்தா என்ன, அம்மாயி? ஒரே செலவிலே ரெண்டு!" என்று சிரித்தாள் பேத்தி.

பாட்டி சிரிக்கவில்லை. "நானுந்தான் ரெண்டு பெத்தேன். தொட்டில் ஒண்ணுதான் கட்டினேன்" என்றாள்.

நமக்கு இரட்டையர் என்றால் எப்போதுமே ஒரு வேடிக்கை. பக்கத்துச் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸார் 1940-ல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டைச் சகோதரர்களாகத் தோன்றியபோது ஜனங்கள் அதிசயித்துப் பார்த்தார்கள். நிஜத்தில் இரட்டையர் அத்தனை அபூர்வமல்ல. 89 பிரசவத்துக்கு ஒன்று இரட்டை என்று 1895-ல் ஹெல்லின் என்பவர் கணக்குச் சொன்னார். 2021-ல் வெளியான உலகக் கணக்கின்படி, பிறக்கிற 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒருவர். ஆசியாவில் வழக்கமாகவே குறைவு, ஆப்பிரிக்காவில் அதிகம்.

இரட்டையரில் இரண்டு ஜாதி உண்டு. ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து வளர்ந்தால் அச்சில் வார்த்தாற்போல் பிறப்பார்கள். எந்த நாட்டிலும் ஏறக்குறைய 1,000 பிரசவத்துக்கு 4 இப்படி நேரும். பெரும்பாலும் குலமும் குடும்பமும் இதற்குக் காரணமல்ல. இரண்டு முட்டைகள் ஒரே மாதத்தில் வெளிப்பட்டு இரண்டும் கருவானால், அவர்கள் ஒரே சமயத்தில் பிறந்த சாதாரண அண்ணன் தங்கைதான். ஊருக்கு ஊர் கணக்கு மாறுவது இந்த இரண்டாவது வகையால்.

இதற்குத் தாயின் வயது ஒரு காரணம். முப்பதைத் தாண்டி 35, 37 வரை வாய்ப்பு ஏறுகிறது. பல பிள்ளை பெற்றவளுக்கும், நல்ல உயரமும் உடற்கட்டும் உள்ளவளுக்கும் சற்று அதிகம். பிள்ளைப் பேற்றுக்காக முட்டையைத் தூண்டும் மாத்திரை சாப்பிட்டாலும், சோதனைக் குழாய் முறையில் இரண்டு கருவை வைத்தாலும் அதிகமே. வாழைப்பழமோ இரைப்பைக்குப் போகிறது, கருப்பைக்கு அல்ல!

வம்சம்? "எங்கள் வீட்டில் இரட்டை உண்டு" என்று மாமியார் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு முட்டை வெளிப்படுவது மருமகளின் உடம்பில். கணவன் வழி வம்சம் அங்கே செல்லாது. அவன் அதைத் தன் மகளுக்கு வேண்டுமானால் கொடுப்பான். ஆக, ஓமலூர்ப் பேத்தி கவனிக்க வேண்டியது பழத்தையல்ல, அதைப் பிடுங்கிய அம்மாயியை!

கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவில் கொடிஞ்ஞி என்று ஓர் ஊர். சுமார் 2,000 குடும்பங்கள். 2008-ல் எண்ணியபோது 200-க்கு மேற்பட்ட ஜோடிகள். நைஜீரியாவில் இக்போ ஓரா ஊரார் தங்கள் இரட்டையருக்கு ஒருவகைக் கிழங்கைக் காரணம் சொல்கிறார்கள். இரண்டு ஊர் மர்மமும் இன்னும் விடுபடவில்லை.

நம் ராஜதானியின் புகழ்பெற்ற இரட்டையர் 1887 அக்டோபர் 14-ல் கர்நூலில் பிறந்த ஆற்காடு சகோதரர்கள். ராமசாமி முதலியார் ராஜதந்திரி. லட்சுமணசாமி முதலியாரோ பிரசவ வைத்திய நிபுணர். அவர் எழுதிய புத்தகம் இன்றும் மருத்துவ மாணவர் கையில் இருக்கிறது. இரட்டையரில் ஒருவரே பிரசவம் பார்க்க வந்தது பொருத்தந்தானே?

பாட்டியின் கலக்கத்துக்குக் காரணம் உண்டு. இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியுமுன்பே, எடை குறைந்து பிறக்கிறார்கள். தாய்க்கு ரத்த சோகையும் ரத்தக் கொதிப்பும் வருவது அதிகம். மூன்று மாதத்துக்குள் ஸ்கான் பார்த்தால் இரட்டை என்பதும், இரண்டுக்கும் ஒரே நஞ்சா, தனித் தனியா என்பதும் தெரிந்துவிடும். ஒரே நஞ்சானால் அடிக்கடி பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தையைக் காக்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்க வேண்டும். பாட்டி காலத்தில் இதெல்லாம் ஏது?

இதைச் சொன்னேன். பேத்தி, "டாக்டரம்மாகிட்டே அம்மாயி கதையைச் சொல்லிடறேனுங்க" என்றாள். பாட்டி அப்போதும் பழத்தைக் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"ஆம்பளை தின்னாத் தப்பில்லே, சாமி."

ரஸ்தாளி, நன்றாகவே இருந்தது.